வீட்டுச் சங்கதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

கத்திரி வெயில் வந்தால் தமிழ்நாட்டில் அதிகம் தகிக்கும் ஊர்களில் நம் திருத்தணியும் ஒன்று. பக்கத்துத் திருவாலங்காட்டு வீடுகளில் பிள்ளைக்குச் சில்லுமூக்கு உடைந்தால், "உடம்புச் சூடு" என்று தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு மறந்துவிடுவோம். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் பாட்டிக்கு வந்தது, அப்பாவுக்கும் வருகிறது, பிள்ளையையும் விடவில்லை என்றால், பழியை வெயில்மேல் மட்டும் போட முடியாது.

ஆஸ்லர்-வெபர்-ராந்து நோய் என்று, மூக்கில் இப்படி ரத்தம் வரவைக்கும் ஒரு பரம்பரை ரத்தக்குழாய்க் கோளாறு உண்டு. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்க வேண்டிய நுண்குழாய்கள் சில இடங்களில் இருக்காது; இரண்டும் நேராகக் கலந்து, அந்த இடம் முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். நுரையீரலில் இப்படிப் பல முடிச்சுகள் இருந்தால், எக்ஸ்ரேயில் உருண்டை உருண்டையாகத் தெரியும். பரவிய புற்றுநோயும் அப்படியே தெரியக்கூடும். கல்லீரல் ஸ்கேனிலும் இந்தக் குழப்பம் உண்டு. முன்பே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்றால், "பரவிவிட்டது" என்ற எண்ணமே முதலில் வரும். கட்டி என்று நினைத்து அந்த முடிச்சில் ஊசி குத்திச் சதை எடுத்தால், ரத்தம் கொட்டும் அபாயம் உண்டு.

சி.டி. ஸ்கேனில் முடிச்சுக்குள் போகும் தமனியையும் வெளியே வரும் சிரையையும் தேடிப் பார்த்தால், உண்மை பெரும்பாலும் தெரிந்துவிடும். நுரையீரல் முடிச்சை அறுவை இல்லாமல், குழாய் வழியே சிறு கம்பிச்சுருள் வைத்து அடைக்கலாம். கவனிக்காமல் விட்டால் பக்கவாதமும் மூளையில் சீழ்க்கட்டியும் வரலாம்.

அப்படித் தேடிப் பார்க்க டாக்டருக்குத் துப்புக் கொடுப்பது வீட்டுச் சங்கதிதான். நாமோ, பெண் கொடுக்க, எடுக்க யோசிப்பார்களே என்று பரம்பரை நோயை மூடி மறைக்கிறோம். ஸ்கேன் கவரோடு சென்னைக்கு ரயிலேறும் அன்பர்களே, வீட்டில் யார் யாருக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும், யாருக்கு உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிவப்புப் புள்ளிகள், யாருக்குச் சின்ன வயதிலேயே பக்கவாதம் வந்தது என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். "இது ரத்தக்குழாயாக இருக்குமா?" என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அதற்காக, புற்றுநோய் என்று உறுதியானபின் சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வரன் தட்டிப்போனால் இன்னொன்று வரும், உயிர் அப்படியல்ல.

அன்புடன்,
ஆசிரியர்