இருக்கையும் சுருள்வில்லும்

மயிலேறும் விராலிமலை முருகனுக்கு இருக்கைக் கவலை இல்லை. சைக்கிளேறிக் கல்லூரிக்கு வரும் நமக்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம், ஷாக் அப்சார்பர் ஏதுமின்றிச் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. பின்னால் விழும் அடியைத் தாங்கியவை டயரும், சீட்டின் கீழிருந்த இரண்டு ஸ்பிரிங்குகளுமே. மோட்டார் சைக்கிள்கள் அந்நிலையைக் கடந்துவிட்டன. நம் சாதாரணச் சைக்கிளோ இன்றும் அங்கேயே நிற்கிறது!

1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியே இம்மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே மிதித்தனர். அவர்கள் பெற்றுத்தந்த உரிமையை முதுகுவலிக்கு அஞ்சி நம் மாணவியர் கைவிடலாமா?

கடையில் சீட்டு வாங்குவோர் நிறத்தையும் பஞ்சின் கனத்தையுமே பார்க்கின்றனர். பௌதிகம் படிப்போர் ஹூக் விதியை நினைவுகூர வேண்டும். எண்பது கிலோ மனிதருக்கு இரண்டு சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங், நாற்பது கிலோ மாணவிக்கு ஒன்றே அமுங்கும். மிக மென்மையானதோ பள்ளத்தில் அடிவரை அமுங்கி இடிக்கும், பின் துள்ளும். நிமிர்ந்து ஓட்டுவோர்க்கு அகன்ற சீட்டே நன்று. குனிந்து ஓட்டுவோர்க்கு அது தொடையை உராயும். பஞ்சு மெத்தை சுகம் முதல் மைலோடு சரி என்பது என் கருத்து.

ஆகவே, வாங்குமுன் கரடுமுரடான தெருவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.