பெயரை உரசி எடுத்தவர்கள்

2022இல் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நேரம், வீட்டு ரவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கினோம். போன மாதம் அது செத்துப்போச்சு. கண்டி டவுனில் முதல் கடையில் பெட்டியைத் திறக்காமலே "புதுசு வாங்குங்க" என்றார்கள். இரண்டாவது கடை நானா திறந்தார். போர்டில் ஆறு கால் சிப் ஒன்று கருகியிருந்தது. முதுகில் பெயர் இல்லை. தேய்ந்து போகவில்லை, வேணுமென்றே உரசி எடுத்திருக்கிறார்கள்.

"பேர் தெரிஞ்சா சின்ன வேல தங்கச்சி. தெரியாட்டி குப்ப."

சின்னச் சிப்பில் இடம் போதாமல் சுருக்கக் குறி போடுவது வேறு விஷயம். குறியைத் தேடிப் பிடிக்கலாம். உரசுவதற்குக் கம்பனிகள் சொல்லும் சாட்டு, மற்றவன் கொப்பி அடிப்பான் என்பது. சும்மா கதை. பெரிய அளவில் கொப்பி அடிக்கிறவனிடம் எக்ஸ்ரே இருக்கு, சிப்பை அசிட்டில் கரைத்து உள்ளே பார்க்க லேப் இருக்கு. மாட்டுப்படுவது நானாவும் நானும்தான்.

ஆனாலும் நானா பிடித்தார். பக்கத்தில் சுருளும் டயோடும் இருந்ததால் அது பேட்டரியின் வோல்டேஜை ஏற்றும் சிப். வெளியே வருவது 9 வோல்ட், அது பெட்டியிலேயே இருக்கு. அந்த 9ஐப் பங்குபோட்டுச் சிப்புக்குத் திருப்பி அனுப்பும் இரண்டு ரெசிஸ்டர்கள் 140, 10 கிலோ ஓம். அப்படியென்றால் 15இல் ஒரு பங்கு, 0.6 வோல்ட். அந்த 0.6இல் ஓடும் ஆறு கால் சிப்புகளின் டேட்டாஷீட்டைப் போனில் எடுத்து, எந்தக் கால் கிரவுண்டுக்கு, எது சுருளுக்கு என்று மீட்டரால் ஒப்பிட்டார். எம்டி3608. பழைய போர்டொன்றில் கழற்றிப் போட்டார், லைட் எரிந்தது.

லங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கு. கல்வெட்டில் சிதைந்த எழுத்தை முன்பின் சொல்லை வைத்து நிரப்புகிறவரைப் பேராசிரியர் என்கிறோம். அதே வேலை செய்கிறவரை ரிப்பெயார் பாஸ் என்று கூப்பிட்டுப் பேரம் பேசுகிறோம். (நானும் பேசினேன். வெட்கம்தான்.)

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. டொலர் இல்லாமல் இறக்குமதியையே நிறுத்திப் பார்த்த நாடு நாங்கள். பெயர் அழித்த போர்டை மட்டும் ஏன் கேள்வியில்லாமல் இறக்குகிறோம்?

"அது எஞ்சினியரிங் பெக்கல்டிக்காரர் பார்க்கிற வேலை" என்றான் பேராதனைக் கென்டீனில் ஒருத்தன். காசு குடுத்து வாங்கினது அவங்களா மச்சான்?