கேள்வி கேட்பவர் துரோகியா?

அண்மையில் ஒரு தோட்டத்தில் நமது சங்கத்தின் கிளைக் கூட்டம் நடந்தது. கொழுந்து எடுக்கும் சகோதரி ஒருவர் எழுந்து, "18 கிலோவை 20 கிலோ ஆக்குனதுக்கு சங்கம் ஒத்துக்கிட்டதா? ஒத்துக்கிட்டா எங்ககிட்ட ஏன் கேக்கல?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. "பிடிக்கலேன்னா வேற சங்கத்துக்குப் போ" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் அவருக்குத் துரோகி என்ற பெயர் விழுந்துவிட்டது. அமைப்பாளர்களான நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

விசுவாசமாக இருப்பது என்றால் என்ன? வெளிப்படையாக மறுத்துப் பேசுபவர் விசுவாசம் இல்லாதவரா? நமது நாட்டில் இந்தக் கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது ஒரு தொழிற்சங்கத்தில் அல்ல, கத்தோலிக்கத் திருச்சபையில். நம்மில் கோவிலுக்குப் போகிறவர்களும் உண்டு, மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் உண்டு. எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த குருவானவர். 1971இல் கொழும்பில் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தை ஆரம்பித்தவர். 1990இல் மரியாளும் மனித விடுதலையும் பற்றி ஒரு நூல் எழுதினார். தலைகுனிந்து அடங்கி நிற்கும் பெண்ணாகவே மரியாளை நமக்குக் காட்டி வந்திருக்கிறார்கள். ஏழைகளின் பக்கம் நின்ற துணிச்சலான பெண் அவர் என்பது அந்த நூலின் பேச்சு. பெண்கள் ஏன் குருக்களாகக் கூடாது என்றும் கேட்டார். ஜென்ம பாவம் பற்றிய போதனையையும் கேள்விக்குள்ளாக்கினார். 1994இல் இலங்கை ஆயர்கள் அந்த நூலுக்கு எதிராக எச்சரித்தார்கள். விஷயம் வத்திக்கானுக்குப் போனது. அங்கே விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்துக்குத் தலைவராக இருந்தவர் கர்தினால் ரட்சிங்கர். பின்னாளில் பாப்பரசரானவர்.

தங்கள் விசுவாச அறிக்கை ஒன்றில் கையெழுத்து வைக்கும்படி கேட்டார்கள். அவர் அதில் வைக்கவில்லை. பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில், தன் சார்பாக ஒரு வாசகத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். அதை ஏற்கவில்லை. 1997 ஜனவரி 2ஆம் திகதியிட்ட அறிவித்தலின்படி அவர் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். அப்போது அவருக்கு 72 வயது. தன்னை நேரில் அழைத்து விசாரிக்கவில்லை, தான் எழுதாததை எழுதியதாகச் சொல்கிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு.

அவர் வேறு சபை தொடங்கவில்லை, குருத்துவத்தை உதறிவிட்டுப் போகவுமில்லை. "நான் இந்த வீட்டுப் பிள்ளை" என்பதுபோல் வாசலிலேயே நின்றார். உலகத்தின் பல இடங்களிலிருந்து அவருக்காகக் குரல் எழுந்தது. அவருடைய சபையாரும் நடுவில் நின்று பேசினார்கள். 1998 ஜனவரி 15ஆம் திகதி தண்டனை நீக்கப்பட்டது. தன்னால் ஏற்பட்ட பாதிப்புக்கு அவர் வருத்தம் தெரிவித்தார். சேர்த்த வாசகம் இல்லாமலே ஆறாம் பவுலின் அறிக்கையில் கையெழுத்திட்டார். 2013 ஜனவரியில் காலமாகும்வரை குருவானவராகவே இருந்தார்.

திருச்சபையின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். குருவானவர் அபிஷேகம் பெறும்போது கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறார். விசுவாசம் மேலிருந்து அருளப்பட்டது, கைதூக்கி முடிவெடுக்கும் விஷயமல்ல என்பது திருச்சபையின் நிலை. 1990இல் அதே பேராயம் இறையியலாளர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. ஒரு போதனையை ஏற்கச் சிரமம் இருந்தால் அதிகாரிகளிடம் சொல்லுங்கள், பத்திரிகை வழியாக நெருக்குதல் கொடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். ஆனால் அதே திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் 212ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. திருச்சபையின் நன்மை குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் மரியாதையோடு சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளை அது கடமையும்கூட என்கிறது அது.

இப்போது நம்மைப் பார்ப்போம். நாம் யாருக்கும் கீழ்ப்படிதல் வாக்குக் கொடுக்கவில்லை. மாதாமாதம் சந்தா கொடுக்கிறோம். சங்கத்தின் தீர்மானம் மேலிருந்து இறங்கி வருவதல்ல, மலையில் கூடை சுமப்பவரிடமிருந்து மேலே போக வேண்டியது. மேலிருந்து வந்த விசுவாசம் என்று சொல்லும் திருச்சபையே தன் சட்டத்தில் கேள்விக்கு இடம் வைத்திருக்கும்போது, தொழிலாளியின் சந்தாவில் நடக்கும் சங்கம் ஒரு கேள்வியைத் தாங்க முடியாமல் போவது வெட்கம்.

2018 ஒக்டோபரில் கறுப்பு உடை அணிந்து காலிமுகத்திடலில் கூடிய மலையக இளைஞர்களை மறந்திருக்க மாட்டீர்கள். 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்கள். அவர்களைச் சங்கத்துக்கு எதிரானவர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய்தான். 1000 ரூபாய் 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாகவே வந்தது. அன்று வெளியே நின்று கத்தியவர்கள் கேட்டது நியாயமான தொகை என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

"வெளியில் பேசினால் கம்பனிக்குத்தானே லாபம்?" என்று கேட்பவர்களின் பயம் பொய்யல்ல. நம் சங்கங்கள் உடைந்து உடைந்து எத்தனை துண்டாகிவிட்டன என்பது நமக்குத் தெரியும். ஒவ்வொரு உடைவிலும் துரைமாருக்குத்தான் சந்தோஷம். ஆனால் சங்கத்தை உடைப்பது கேள்வியா, பதில் சொல்லாமல் விடுவதா? கேட்டவரை வேறு சங்கத்துக்குப் போகச் சொன்னால் ஒருநாள் அவர் போகத்தான் செய்வார். லயத்தில் பத்துக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போவார்.

ஆகவே நமது கிளைகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம். வேலை நிபந்தனையை மாற்றும் எந்த உடன்பாட்டையும் கையெழுத்துக்கு முன் தோட்டக் கூட்டத்தில் தமிழில் வாசியுங்கள். கேட்ட கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குள் பதில் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் இந்தச் செய்தி மடலில் பெயர் போட்டு எழுத அவருக்கு இடம் கொடுங்கள்.

மறுத்துப் பேசுபவருக்கும் கடமை உண்டு. முதலில் உள்ளே பேச வேண்டும். பெயரை மறைக்காமல் பேச வேண்டும். துரையின் ஒபிசுக்குக் கதை கொண்டு போகக் கூடாது. கூடி எடுத்த தீர்மானப்படி வேலைநிறுத்தம் என்றால், மனதில் வேறு எண்ணம் இருந்தாலும் அன்று மலைக்கு ஏறக் கூடாது.

அந்தச் சகோதரி இவற்றில் எதையும் மீறவில்லை. அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக அவருடைய கேள்வியை எடுப்போம். பதில் சொல்லுமுன் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் நாங்களும் இருக்கிறோம்.