கரையில் நிற்கும் குழந்தை

ஓய்வுக்காலம் வந்துவிட்டால் ஜபத்திற்கும் பாராயணத்திற்கும் நேரம் தாராளமாகக் கிட்டும் என்றே நம்மிற் பலர் எண்ணியிருந்தோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் இன்று பல இல்லங்களில் நிலைமை வேறு. மகனும் மருமகளும் காலையிலேயே பணிக்குப் புறப்பட்டு விடுகின்றனர். பேரனோ பேத்தியோ நம் பொறுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் பூஜைக்கெனத் தனியறை அமைவதும் அரிது. அலமாரியின் ஒரு தட்டே சந்நிதி. விஷ்ணு சஹஸ்ரநாமத்தில் பத்துச் சுலோகம் கடப்பதற்குள், "தாத்தா, சாமிக்கு ஏன் நாலு கை?" என்று கேள்வி பிறக்கும். விடை சொன்னால் பாராயணம் தடைப்படும். சொல்லாவிட்டால் கேள்வி இன்னும் உரக்க வரும்.

அதட்டி அடக்குவது எளிது. ஆனால் நாள்தோறும் அதட்டப்படும் குழந்தை, சுவாமி இருக்குமிடம் திட்டு வாங்கும் இடம் என்றே மனத்தில் பதித்துக்கொள்ளும். நமக்குப் பின் அவ்வீட்டில் விளக்கேற்ற வேண்டியது அக்குழந்தையே. ஆதலால் இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான், இதே நிலையில் இருந்த ஒரு தந்தையைப் பெரியபுராணத்தில் நமக்குக் காட்டுகிறார். சீகாழிச் சிவபாத இருதயர் ஒருநாள் நீராடப் புறப்படுகிறார். மூன்று வயது மகன் பின்தொடர்கிறான். தந்தை நின்று, சினந்தவர் போலத் தடுத்துப் பார்க்கிறார். குழந்தை கிண்கிணிக் கால்களைத் தரையில் உதைத்து அடம்பிடிக்கிறது. சரி, உடன் வா என்று அழைத்துச் சென்று, குளக்கரையில் இருத்திவிட்டு நீரில் மூழ்கி மந்திரம் ஜபிக்கிறார். தந்தையைக் காணாத குழந்தை, திருத்தோணிச் சிகரத்தை நோக்கி அழுகிறது. அம்மையும் அப்பனும் எழுந்தருளி ஞானப்பால் ஊட்டுகின்றனர். திருஞானசம்பந்தர் வரலாறு அங்கே தொடங்குகிறது.

சிவபாத இருதயர் குழந்தைக்காகத் தம் அனுஷ்டானத்தைக் கைவிடவில்லை. அனுஷ்டானத்திற்காகக் குழந்தையை வீட்டிலேயே விட்டுச் செல்லவும் இல்லை. நாம் கைக்கொள்ள வேண்டிய வழியும் அதுவே. (நம் காலத்தில் குளக்கரையில் குழந்தையைத் தனியே விடலாகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.)

நம் வழிபாட்டை இரு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது நலம். ஒன்று நமக்கே உரியது. குருவிடம் பெற்ற மந்திர ஜபமும் தியானமும் இதில் அடங்கும். இதற்குக் குழந்தை எழுமுன் விடியற்காலையே ஏற்றது. இயலாதவர்க்கு, பிற்பகலில் குழந்தை உறங்கும் இருபது நிமிடம் போதும். மணியும் தூபமும் இல்லாமல், அடுத்த அறையில் உறங்குபவர் அறியாமல் செய்யும் மானச பூஜைக்கு நம் பகுதியிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், பொருள் கிடைக்காமையால் மனத்திலேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்கிற்குக் குறித்த அதே நாளை அவரும் குறித்திருந்தார். இறைவனோ மன்னன் கனவில் தோன்றி, பூசலாரின் கோயிலுக்குச் செல்ல இருப்பதால் வேறு நாள் வைத்துக்கொள்ளுமாறு பணித்தான். இன்றும் திருநின்றவூரில் அப்பெருமான் இருதயாலீசுவரர் என்னும் திருநாமத்தோடு விளங்குகிறார். மனத்தில் செய்யும் வழிபாட்டை இறைவன் குறைவாகக் கருதுவதில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

மற்றொரு பகுதி, குழந்தையோடு சேர்ந்து செய்வது. நாமாவளி, அர்ச்சனை, பாராயணம் ஆகியவை இதில் அடங்கும். சிறு கைக்கு ஒரு வேலை வேண்டும். ஒரு நாமத்திற்கு ஒரு பூ என்று போடச் சொல்லலாம். தீபாராதனையின்போது மணியடிக்க விடலாம். மூன்று நான்கு வயதில் ஒன்றில் நிலைத்திருப்பது சில நிமிடங்களே. அதற்கேற்பப் பூஜையைச் சுருக்கிக்கொள்வதில் குற்றமில்லை. இடையில் கேள்வி வந்தால் விடை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரூபாய் நோட்டு எண்ணும்போது குறுக்கே பேச்சு வந்தால் முதலிலிருந்து எண்ணுவதுதான் வங்கியில் வழக்கம். பகவானின் நாமத்திற்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை.

பேச்சே பக்திக்குப் பகை என்றும் எண்ணவேண்டாம். பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசியபடியே அப்பெருமானோடு உரையாடும் பேறு பெற்றவர். ராமாநுஜரின் ஐயங்களுக்கு அந்த உரையாடலின் வழியாகத்தான் விடை கிடைத்தது.

குழந்தையின் கேள்விகள் சிலவேளை நமக்கும் பயன்படும். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்று பாருங்கள். "நந்தி ஏன் சாமியைப் பார்க்காமல் திரும்பி இருக்கு?" என்று கேட்கக்கூடும். பல ஆண்டுகளாக அங்கே தொழுதுவரும் நாம் அதைக் கவனிக்காமலே கடந்திருப்போம். தொண்டைமானுக்குப் போரில் துணைசெல்ல இறைவன் அனுப்பியதால் நந்தி வெளிப்புறம் நோக்கியிருக்கிறது என்ற தலவரலாற்றையும், அங்குள்ள எருக்கந் தூண்களையும் அப்போது காட்டலாம். சொல்லும் நமக்கும் அது ஒரு பாராயணமே.

இறுதியாக ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவுக்கு அமைதி கிடைக்கும் இல்லங்கள் பலவற்றில், அந்நேரம் குழந்தையைச் சமையலறையில் வைத்துச் சமாளிப்பவர் பாட்டியே. அவருடைய ஸ்தோத்திரங்கள் குழம்பு கொதிக்கும் அடுப்படியிலேயே முடிந்துவிடுகின்றன. நம் ஜபம் முடிந்ததும் பேரனையோ பேத்தியையோ கைப்பிடித்து அரை மணி நேரம் கீழே உலாவ அழைத்துச் செல்வோம். விளக்கின் முன் அந்த அம்மையார் நிம்மதியாக அமர்ந்து, தாம் நெடுநாள் விரும்பிய ஸ்தோத்திரத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை சொல்லட்டும். அதன் புண்ணியத்தில் நமக்கும் பங்குண்டு.