சூடு காட்டினால் மட்டும் போதுமா?



2017 மே மாத வெள்ளத்தில், இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்து அம்மாவின் போன் நனைந்துவிட்டது. 1983 கலவரத்தோடு இங்கிருந்து வன்னிக்குப் போனவர். 2009இல் அங்கே எல்லாவற்றையும் இழந்து, திரும்பவும் அண்ணனின் லயத்துக்கே வந்து சேர்ந்தவர். காணாமற்போன மகனின் படம் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது.

கடையில் போர்டுக்குச் சூடு காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வேலை செய்தது, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அந்த இரண்டு நாளில் படத்தைப் பிரதி எடுத்து வைக்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஏன் நின்றது? சிப்புகளைப் போர்டோடு பிடித்திருப்பவை கடுகிலும் சிறிய பற்றாசு மணிகள். ஈயம் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் வந்த போன்களில் பெரும்பாலும் ஈயமில்லாத பற்றாசுதான். அது உருக 217 பாகையாவது வேண்டும். சோல்டரிங் அயர்னின் முனை சிப்பின் அடிக்குப் போகாது. அதனால்தான் ப்ளோவரால் சூடான காற்றை ஊதுகிறார்கள். காற்று கூடினால் பக்கத்துச் சிறு பாகங்கள் பறந்துவிடும். ஒரே இடத்தில் பிடித்தால் போர்ட் உப்பிவிடும். றப்பர்ப் பால் வெட்டும் அக்காமாருக்கு இந்தக் கைப்பக்குவம் நன்றாகப் புரியும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் வராது.

ஆனால் தண்ணீர் புகுந்த போனில் சிப்பின் அடியில் களிம்பு பிடித்திருக்கும். வெறும் சூடு அதைப் போக்காது.

பிறகு அதைத் திருத்தியவள் தொழிற்பயிற்சி அதிகார சபையில் படித்த ஒரு தோட்டத்துப் பிள்ளை. ப்ளக்ஸ் தடவி, சூடான காற்றில் சிப்பைக் கழற்றி, களிம்பைத் துடைத்து, புதுப் பற்றாசு மணி வைத்துத் திரும்பப் பொருத்தினாள். ப்ளக்ஸில் சேரும் ரோசின், பைன் மரத்தைக் கீறி எடுக்கும் பிசினிலிருந்து வருவது. பால் வெட்டும் ஊருக்கு அந்நியமான பொருளல்ல! ஆனால் அதன் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அவள் ஜன்னலோரம் விசிறி வைத்துத்தான் வேலை செய்கிறாள். இத்தொழிலைப் பழக விரும்பும் சகோதரிகள், பிள்ளைகள் படுக்கும் லயன் அறைக்குள் மட்டும் செய்ய வேண்டாம்.

போன் நனைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். கடையில், "கழற்றித் துடைப்பீர்களா, சூடு மட்டும் காட்டுவீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போனுக்கு உயிர் வந்தவுடன் படங்களை வேறிடத்தில் பதிந்து தரச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை நாம் கேட்காமலே படங்களை மெமரி கார்ட்டில் ஏற்றினாள். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் பார்த்தாள். ஸ்பீக்கர் சரிவரவில்லை. அம்மா அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.