கணக்கில் வராத மணிநேரங்கள்

வெள்ளிக்கிழமை மாலையானால் ஐ.டி. நிறுவனங்களில் டைம்ஷீட் நிரப்பியாக வேண்டும். சென்னை ஓ.எம்.ஆரை ஒட்டிய சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலைபார்க்கும் இளம்பெண்களிடம், அதில் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். நாளுக்கு 8 மணிநேரம், சில இடங்களில் 9 என்பார்கள். திங்கள் இரவு பதினொன்றரை வரை அமெரிக்க கிளையன்ட்டுடன் கால் ஓடியதும், புதன்கிழமை ரிலீஸ் முடிந்து லேப்டாப்பை மூடும்போது வாசலில் பால்காரர் வந்து நின்றதும் அந்தக் கட்டங்களில் ஏறுவதில்லை. துணிந்து உள்ளதை எழுதிவிட்டால் டீம் லீடரிடமிருந்து சேதி வரும்: "பில்லிங் எட்டு மணிநேரத்துக்குத்தாம்மா, மாத்திடுங்க." அந்தப் பெண்ணும் மாற்றிவிடுவார். 55 மணிநேரம் உழைத்த வாரம் ஏட்டில் 40 ஆகிவிடும்.

அதே நிறுவனத்திலிருந்து அடுத்த வாரம் இன்னொரு மின்னஞ்சல் வரும். மனநல வாரம் கொண்டாடுகிறார்களாம். மதியம் ஒன்றரைக்கு இணையவழி யோகா வகுப்பு. சாப்பிடக் கிடைக்கும் அரை மணிநேரத்தில் மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்பவர்கள், அந்த மூச்சை வாங்கவைப்பது எது என்று கேட்டுக்கொள்வதே இல்லை. பத்திரிகைகளின் பெண்கள் பக்கமும் இதற்குச் சளைத்ததில்லை. காலை ஐந்துக்கு எழுங்கள், டைரி எழுதுங்கள், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், 'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள். ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் மேலும் நான்கு வேலைகள். அவற்றைச் செய்ய முடியாமல் போனால் குற்ற உணர்ச்சியும் அந்தப் பெண்ணுக்கே.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் பர்ன்அவுட் எனப்படும் இந்தப் பணிச்சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டின் புதிய பதிப்பில் சேர்த்தபோது அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நாள்பட நீடித்து, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையில் பற்று விட்டுப்போவது, செய்யும் வேலையில் திறன் குறைந்துபோவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்று மருத்துவ உலகம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், மருந்தை மட்டும் அந்தப் பெண்ணின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

சுயஅக்கறை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும் நாலு வார்த்தை பேச ஒரு தோழியும் யாருக்கும் தேவை. இரவெல்லாம் தூக்கம் வராமல் தவிப்பவர், விடிந்தால் அலுவலகம் போக வேண்டுமே என்று நெஞ்சு படபடப்பவர், வெட்கப்படாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஆனால் நாளில் மிச்சமிருக்கும் நேரத்தில்தான் ஒருவர் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியும். அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதே நம் கேள்வி.

ஒரு பகுதி வீட்டில் போகிறது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களோ 88 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே குறைவு என்பது வேறு விஷயம். வீட்டிலிருந்து வேலை என்று வந்தபோது பெண்களுக்கு விடிவு பிறந்ததாகப் பேசினார்கள். நடந்தது என்ன? மைக்கை ம்யூட்டில் போட்டுவிட்டுக் குக்கர் விசிலை எண்ணினார்கள். "வீட்லதானம்மா இருக்க, கேஸ் வந்தா வாங்கி வை" என்றார் மாமியார். அதே வீட்டில் அதே வேலையைப் பார்க்கும் மகனின் அறைக்கதவை யாரும் தட்டவில்லை.

ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டுமே என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். யாருடைய ஆசை அது? புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுத்து அரசுப் பள்ளி மாணவிகளைக் கல்லூரிக்கு அனுப்பியது இந்த மாநிலம். நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சி கொடுத்தது, பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிவிட்டது, வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் தங்கத் தோழி விடுதிகளைக் கட்டியது. குடும்பமும் நகையை வைத்துப் படிக்கவைத்திருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாகச் சென்னைக்கு வந்த பெண்ணின் சம்பளத்தில் கல்விக்கடன் தவணை இருக்கிறது, தம்பியின் செமஸ்டர் கட்டணம் இருக்கிறது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் வட்டியும் இருக்கிறது. இவரிடம் போய் 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்' என்கிறோம். அப்ரைசலில் ரேட்டிங் குறைந்தால் யார் தவணை கட்டுவது? உழைத்து மேலே வர நினைப்பது அவர் குற்றமல்ல. அந்த நினைப்பை நம்பித்தான் நிறுவனங்கள் அவரிடமிருந்து கூலியில்லாத மணிநேரங்களைக் கறக்கின்றன.

2024 ஜூலையில் புனேயில் 26 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். உலகின் நான்கு பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் ஒன்றின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த பட்டயக் கணக்காளர். ஓய்வில்லாத வேலைதான் மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்தது. வேலைச்சுமை காரணமில்லை என்று நிறுவனம் மறுத்தது. அதற்குள் நாம் போகவில்லை. ஆனால் மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்குப் போனபோது தெரியவந்த ஒன்று போதும்: வேலைநேரத்துக்கு வரம்பு விதிக்கும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அந்த அலுவலகம் 2007 முதல் பதிவே செய்யப்படாமல் இயங்கியிருக்கிறது. ஒரு பெண் இறந்து, தாயின் கடிதம் நாடெங்கும் பரவிய பிறகே அங்கே ஓர் ஆய்வாளர் எட்டிப்பார்த்திருக்கிறார்.

இங்கே சட்டமில்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்கு இது பொருந்தாது என்பதால், இரண்டு பேரை மேய்ப்பவருக்கும் ஒரு பட்டத்தைக் கொடுத்து நழுவிக்கொள்ள வழியும் இருக்கிறது. டைம்ஷீட்டில் 8 என்று இருக்கும்வரை எந்த ஆய்வாளராலும் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த எண்ணை எழுதியதும் அந்தப் பெண்ணே, அதனால் பாதிக்கப்படுபவரும் அவரே.

நாடு முன்னேற இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, 2023-இல். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். இளமையில் கடுமையாக உழைத்தவர்களே தொழிலை உருவாக்கினார்கள் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. தன் சொந்த நிறுவனத்துக்காக, பங்கு கையில் இருக்க, ஒருவர் இரவுபகலாக உழைத்தால் அது அவர் விருப்பம். மாதச் சம்பளக்காரரிடம் அதையே எதிர்பார்ப்பது வேறு. அப்படி உழைக்கும் ஆணுக்குத் தட்டில் சோறு வைக்கவும் சட்டைக்கு இஸ்திரி போடவும் பின்னால் ஒருவர் இருக்கிறார். 90 மணிநேரம் உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? எழுபது வேண்டும் என்பவர்கள் எழுபதை ஏட்டில் எழுதி, 48-க்கு மேற்பட்டதற்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கட்டும். அதன் பிறகு இந்த ஆர்வம் எத்தனை பேருக்கு மிஞ்சும் என்று பார்க்கலாம்.

இந்த நிலை மாறவில்லையென்றால் என்ன நடக்கும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். முப்பதை ஒட்டி, ஒரு குழந்தை பிறந்த பிறகு, அந்தப் பெண் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். காரணம் கேட்கும் படிவத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று நிரப்புகிறார். 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017 முதல் சட்டம் சொல்கிறது. அது எத்தனை அலுவலகங்களில் பலகையளவில் நிற்கிறது என்பதை அந்தப் படிவம் கேட்பதில்லை.

எனவே செய்ய வேண்டியது பெரிய புரட்சி எதுவுமில்லை. டைம்ஷீட் கிளையன்ட்டுக்கு பில் போடுவதற்கு மட்டும் இருந்தால் போதாது; லாகின், லாகவுட் நேரங்களை நிறுவனங்கள் அப்படியே பாதுகாத்து ஆய்வாளரிடம் காட்ட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும். வேலைநேரம் முடிந்த பின் வரும் அழைப்பை எடுக்காமலிருக்கும் உரிமைக்கான ஏற்பாடு பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் இருக்கிறது. இங்கே அது மக்களவையில் எம்.பி. சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதாவோடு நிற்கிறது. மாநில அளவில் தமிழகம் முந்திக்கொள்ளலாம். வேலைபார்க்கும் பெண்களும் தங்கள் உண்மையான நேரத்தை ஒரு நோட்டிலோ கைப்பேசியிலோ நாள்தோறும் குறித்துவைக்கட்டும். நாளைக்கு அதுவே சாட்சி. வீட்டில் இருக்கும் கணவரும் தம்பியும் ஒரு வாரத்துக்குத் தங்கள் நிமிடங்களையும் எழுதிப் பார்க்கட்டும்.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஆலைகளில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கும் பெண்களுக்கு அப்படிப்பட்ட குரல் இன்னும் வலுவாக இல்லை என்பதற்காக, 1947-இலேயே எழுதிய எட்டு மணிநேரத்தை அவர்களுக்கு மறுக்க முடியாது. தொழிலாளர் துறை தன் அடுத்த ஆய்வை அங்கிருந்து தொடங்கட்டும், இரவு ஒன்பது மணிக்கு மேல்.