மைனஸ் இருபது ஜாக்கெட்டும் மாம்பலத்து வெயிலும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. நேத்து அக்கா புண்ணியத்தில் ஒண்ணு தேறிடுச்சு. மொக்கைன்னு பாதியில் ஓடிடாதீங்க மக்களே, நிஜமான கோவத்தில்தான் எழுதறேன்.

அக்கா பையன் ஜனவரியில் கனடா போறான், வின்னிபெக்குக்கு, மேல்படிப்பு. அனுப்பி வைக்கிற ஏஜென்சிக்காரர் 'கொண்டு செல்ல வேண்டியவை'ன்னு ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கார். எண்ணிப் பார்த்தேன், 87 ஐட்டம். முதல் ஐட்டமே 'மைனஸ் 20 டிகிரி தாங்கும் ஜாக்கெட்'. அக்கா அன்னிக்கே தி.நகர் போய் வாங்கிட்டு வந்துடுச்சு. விலை 11,500 ரூபாய். எல்லாம் வளையல் அடகு வெச்ச காசு.

"மைனஸ் இருபது தாங்கும்னு எப்படிக்கா தெரியும்?"

"அட்டையில போட்டிருக்குடா."

இங்கதான் எனக்கு பிபி ஏறிச்சு. கடையில் ஏசி போட்டாலும் 24 டிகிரி. அங்க நின்னுக்கிட்டு இது மைனஸ் இருபதுக்குத் தாங்குமா தாங்காதான்னு வித்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. தெரியப்போறது பையனுக்கு மட்டும்தான், அதுவும் பஸ் ஸ்டாப்பில்.

எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. 2005 ஜனவரியில் அதே ஊர்ல போய் இறங்கினவன் நான். என் பெட்டியிலும் ஒரு ஜாக்கெட் இருந்தது. பார்க்க நல்லா புஸ்ஸுன்னு இருக்கும். இடுப்போட நின்னுடும், தையல் வழியா காத்து வரும், ஜிப் மூணாம் நாள் வாயைப் பொளந்துடுச்சு. வின்னிபெக்கில் ஜனவரி ராத்திரி சராசரியே மைனஸ் 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். சராசரியே அதுன்னா மோசமான நாள் எப்படின்னு கணக்குப் போட்டுக்கங்க. அதுக்கு மேல காத்து. காத்தோட சேர்த்துக் கணக்குப் போடற குளிர் மைனஸ் 28-க்குக் கீழ போச்சுன்னா, மூடாத தோல் 10-லிருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைய ஆரம்பிக்கலாம்னு கனடா வானிலைக்காரங்க எச்சரிக்கிறாங்க. நான் காதை மூடாம கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்னேன். முதல்ல வலிச்சுது. அப்புறம் வலி நின்னுடுச்சு. பழகிடுச்சு போலன்னு சந்தோஷப்பட்டேன், மடையன். மரத்துப் போறதுதான் ஆபத்தோட அறிகுறின்னு எந்த லிஸ்ட்டும் எனக்குச் சொல்லலை. காது நுனியில் கொப்புளம் வந்து தோல் உரிஞ்சு ஆற ரெண்டு வாரம் ஆச்சு.

அறையில் கூட இருந்த நைஜீரியாக்காரர்தான் அந்த வாரமே என்னைப் பழைய துணிக் கடைக்கு இழுத்துட்டுப் போனார். அங்க இதுக்குன்னே வேல்யூ வில்லேஜ், சால்வேஷன் ஆர்மி மாதிரி பெரிய பெரிய கடைகள் உண்டு. தொடை வரைக்கும் நீளம், காத்து புகாத மேல்துணி, ஜிப்புக்கு மேல ஒரு மடிப்பு, மணிக்கட்டில் இறுக்கம், முகத்துக்கு முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிற தலைமூடி. இப்படி ஒரு கோட்டு 18 டாலர். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் அந்த ஊர்க் குளிர்லேயே போட்டுப் பார்த்த கோட்டு! அட்டையில் போட்டதைவிட இது பெரிய உத்தரவாதமில்லையா? நாலு வருஷம் உழைச்சுது.

போன்ல அம்மாகிட்ட சந்தோஷமா சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "யார் போட்டதோ... செத்தவங்க துணியா இருந்தா?"ன்னாங்க. அடுத்த வாரம், "அதைத் தூக்கிப் போட்டுட்டேம்மா, புதுசு வாங்கிட்டேன்"னு பொய் சொன்னேன். அம்மா போய்ச் சேர்ற வரைக்கும் அதைப் புதுசுன்னே நம்பிட்டிருந்தாங்க.

மக்களே, பிரச்சினை ஜாக்கெட் இல்லை, இதுதான். அடுத்தவன் போட்ட துணியைத் தொடறது நமக்குக் கேவலம். நாம போட்டதை வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் கொடுப்போம், அது தர்மம். நம்ம பையன் வாங்கிப் போட்டா மானம் போயிடும். அந்த மானத்துக்கு விலை 11,500 ரூபாய், பெட்டியில் பாதி இடம், ஒரு ஜோடி வளையல். லிஸ்ட் கொடுக்கிறவரும் கடைக்காரரும் வியாபாரம் பண்றாங்க, அவங்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த ஊர்ல இருந்துட்டு வந்த நாம வாயைத் திறந்தோமா? கப்பல் மாதிரி கார் பக்கத்தில் நின்ன போட்டோவைக் காட்டினோம். 18 டாலர் கோட்டைச் சொன்னோமா?

"அப்ப ஜனவரியில் இறங்கற பையன் ஏர்போர்ட்ல வெறைச்சுப் போகட்டுமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆகஸ்ட், செப்டம்பர்ல போறவங்களுக்குக் கவலையே இல்லை, போய் நிதானமா வாங்கிக்கலாம். ஜனவரியில் போறவங்க உள்ளே தெர்மல், மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்து தடுக்கிற ஏதாவது ஒண்ணு, காதை மூடற குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ் இத்தனையும் கைப்பையில் வெச்சுக்கங்க. ஒரு சீனியருக்கு முன்கூட்டியே எழுதி, ஏர்போர்ட்டுக்கு ஒரு கோட்டு கொண்டாரச் சொல்லுங்க. குளிர் பட்டவன் எவனும் மாட்டேன்னு சொல்ல மாட்டான். தெர்மல் பருத்தியா இருக்கக்கூடாது. நம்ம திருப்பூர் பனியன் வெயிலுக்குத் தங்கம்தான், ஆனா வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும், அங்க அந்த ஈரமே எமன். கம்பளி இல்லைன்னா பாலியஸ்டர். வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்கு மேல வெச்சிருப்பாங்க. அதனால ஒரே தடி ஸ்வெட்டரைவிட, கழட்டி மாட்டற மாதிரி நாலு மெல்லிசுதான் உதவும். பூட்ஸும் அங்கதான் வாங்கணும். நம்ம ஊர் ஷூவில் ஐஸ் மேல நடந்தா பரதநாட்டியம்தான் :-)

சரி, இங்கேயிருந்து என்னதான் கொண்டு போறது? சொல்றேன். கண்ணாடி போடறவங்க ரெண்டு ஜோடி. சொத்தைப் பல்லை இங்கேயே அடைச்சுட்டுப் போங்க, அங்க பல் டாக்டர் பில்லைப் பார்த்தா மிச்சப் பல்லும் கொட்டிடும். வழக்கமா சாப்பிடற மாத்திரை, டாக்டர் சீட்டோட, அட்டை பிரிக்காம. தடுப்பூசி விவரம், மார்க் ஷீட், அட்மிஷன் கடிதம், இது எல்லாம் கைப்பையில், லக்கேஜ்ல இல்லை. குக்கர் ஆசைன்னா சின்னது ஒண்ணு, கூட ரெண்டு கேஸ்கட். மிக்ஸி வேண்டாம், அங்க கரண்ட் 120 வோல்ட், நம்மூர் மிக்ஸி சும்மா முனகும். தேங்காய் எண்ணெய் உறைஞ்சு கல்லாகும், ஆனாலும் எடுத்துக்கங்க. அந்த வறண்ட காத்தில் உதடும் குதிகாலும் வெடிக்கும்போது அதோட அருமை தெரியும்.

எல்லாத்தையும்விட முக்கியம், செலவழிக்காத காசு. படிப்புக் கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்குன்னு ஒரு மாணவர் காட்ட வேண்டிய தொகை 10,000 கனடா டாலரா இருந்தது. 2024 ஜனவரியில் 20,635 ஆக்கினாங்க, அதுக்கப்புறமும் ஏத்தியிருக்காங்க. கடன் வாங்கித்தான் பல பேர் காட்டறாங்க. அந்தக் கடனுக்கு மேல 87 ஐட்டத்துக்கு இன்னொரு கடன் எதுக்கு?

இதையெல்லாம் அக்காகிட்ட ஒரே மூச்சில் கொட்டினேன். "உனக்கென்னடா, பெத்தவளுக்குத்தான் தெரியும்"னு போனை வெச்சிருச்சு. நியாயம்தான். அந்த ஜாக்கெட் அதுக்குத் துணியில்லை, பிள்ளை கூடவே போற கை. அது எனக்குப் புரியாம இல்லை. ஆனா அந்தக் கை மைனஸ் இருபதில் காத்தைத் தடுக்காதே, அக்கா.

இன்னிக்குக் காலையில் திரும்பக் கூப்பிட்டுச்சு. கொஞ்ச நேரம் என்னென்னமோ பேசிட்டு, கடைசியில்:

"ஏன்டா, அந்தப் பழைய கோட்டெல்லாம்... நல்லா தொவைச்சுத்தான் விப்பாங்களா?"

"வாங்கினதும் நாமளே ஒருவாட்டி தொவைச்சுக்கலாம்க்கா"ன்னேன்.

டிஸ்கி: குளிர் நாட்டில் குப்பை கொட்டின பதிவர்களே, உங்க முதல் கோட்டு எங்க வாங்கினதுன்னு ஒரு பதிவு போடுங்க. விலையோட. பொய் சொல்லாம.